துபுவா எண்ணிக் கழித்தவர்கள்

பெங்களூரில் அல்சூருக்கு அடுத்தாற்போல் இருக்கிறது மர்பி டவுன். அதன் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. கன்டோன்மென்ட் நகராட்சியில் பொறியாளராக இருந்த டபிள்யூ. எச். மர்பியின் பெயரைப் பின்னாளில் அதற்குச் சூட்டினார்கள். நெருக்கமான தெருக்களும் சிறிய வீடுகளும் சந்தையுமாக இருக்கும் இந்தப் பேட்டையில் காதில் விழும் பேச்சில் தமிழே மிகுதி. கன்னட நாட்டின் தலைநகரில் இத்தனை தமிழ் எப்படி வந்தது என்று கேட்டால், படை வந்த வழியில் வந்தது என்பதுதான் விடை. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அந்தத் தீவில் தங்கிய ஆங்கிலப் படையைக் காய்ச்சல் வாட்டியது. அதனால் 1809 இல் படைமுகாமை அல்சூர்ப் பக்கம் கொண்டுவந்தார்கள். படையோடு சென்னை மாகாணத்திலிருந்து சமையற்காரர், குதிரைக்காரர், புல் அறுப்பவர், துணி வெளுப்பவர், சாலை போடுபவர், சிப்பாய் என்று பெருந்திரளானோர் வந்தனர். அல்சூரை அடுத்துள்ள மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் வீரர்களை இன்றும் ராணுவத்தில் ‘தம்பி’ என்றே அழைக்கிறார்கள். வந்தவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களில் கணிசமானோர் கிறிஸ்தவர்கள், அல்லது இங்கு வந்தபின் கிறிஸ்தவர்கள் ஆனவர்கள். இந்தக் கட்டுரையின் பயணம் மர்பி டவுனில் தொடங்குவதற்குக் காரணம் அதுதான். இப்படிப்பட்ட மக்களைக் கணக்கில் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரெஞ்சு மிஷனரி தந்த விடை இன்னும் சரியாக மறுக்கப்படவில்லை என்பது என் எண்ணம்.

அந்த மிஷனரி அபே ழான் அந்துவான் துபுவா. பிரான்சின் தென்பகுதியில் ஆர்தேஷ் மாவட்டத்து செயின்ட் ரெமேஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1792 இல் குருப்பட்டம் பெற்றார். பிரெஞ்சுப் புரட்சி குருமார்களை வேட்டையாடிய அதே ஆண்டில் பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபையின் சார்பில் கப்பலேறினார். புதுச்சேரியிலும் தமிழ் நாட்டுப் பகுதிகளிலும் பணியாற்றிவிட்டு, திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர் நாட்டுக்கு வந்து, சிதறிக் கிடந்த கத்தோலிக்கர்களைத் திரட்டும் வேலையை ஏற்றார். இந்நாட்டார் உடையை உடுத்தினார். அவர்கள் உணவை உண்டார். அவர்கள் வழக்கங்களைக் கூடியவரை கைக்கொண்டார். கன்னட மக்கள் அவரை ‘தொட்ட சாமியாரு’, அதாவது பெரிய சாமியார் என்று அழைத்தார்கள். முப்பத்தோராண்டு கழித்து, 1823 ஜனவரி 15 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனி தந்த ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினார். பிறகு இந்தியாவுக்கு வரவே இல்லை. தம் சபையின் பாரிஸ் தலைமையகத்தில் பொறுப்புகள் வகித்து, 1848 இல் இறந்தார்.

ஊர் திரும்பிய அதே 1823 இல், இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலை பற்றி அவர் எழுதிய கடிதங்கள் லண்டனில் நூலாக வெளிவந்தன. இந்துக்களை மெய்யாக மதம் மாற்றுவது நடைமுறையில் முடியாத காரியம் என்பது அந்நூலின் முடிவு. தம் வாழ்க்கையையே அதற்குச் சாட்சியாக வைத்தார். இருபத்தைந்து ஆண்டு உழைப்பில், இந்நாட்டு மிஷனரி ஒருவரின் துணையோடு, ஆணும் பெண்ணுமாக இருநூறு முதல் முந்நூறு பேரைத்தான் கிறிஸ்தவர்களாக்க முடிந்தது என்று ஒளிக்காமல் எழுதினார். எழுதிய கையோடு கழிக்கவும் செய்தார். அந்த எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கினர் பறையர் அல்லது பிச்சைக்காரர். மீதிப் பேர் சூத்திரர், நாடோடிகள், சாதியிலிருந்து தள்ளப்பட்டவர்கள். பிழைப்புக்கும் திருமணத்துக்கும் வழி தேடி வந்தவர்களே அதிகம் என்றார். கழித்தபின் மிஞ்சியது ஏறக்குறைய சுழியம். தோல்வி என்று முடிவு கட்டிவிட்டார். அவருடைய நூல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்த நேர்மையைப் பாராட்டுகிறார்கள். எண்ணைச் சொன்ன நேர்மையை நானும் மதிக்கிறேன். அந்த எண்ணிலிருந்து யாரை, எந்த அளவுகோலால் கழித்தார் என்பதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று காண அவருடைய பெரிய நூலுக்குப் போக வேண்டும். இந்திய மக்களின் குணம், பழக்கவழக்கம், சடங்குகள் பற்றிய அதன் கையெழுத்துப் பிரதி, மைசூரில் ஆங்கில ரெசிடென்டாக இருந்த மார்க் வில்க்ஸ் வழியாகச் சென்னைக்குப் போனது. 1807 இல் வில்லியம் பென்டிங்க் கவர்னராக இருந்தபோது கம்பெனி அதை 2,000 வராகனுக்கு வாங்கியது. இந்நாட்டாரின் வழக்கங்களை அறிந்து நடக்கக் கம்பெனி ஊழியர்களுக்கு இது உதவும் என்பது காரணம். 1816 இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சானது. துபுவா திருத்தி விரித்த பிரெஞ்சுப் பதிப்பு 1825 இல் வந்தது. 1897 இல் ஹென்றி பியூசாம்ப் புதிதாக மொழிபெயர்த்த பதிப்புக்கு மாக்ஸ் முல்லர் முன்குறிப்பு எழுதினார். நூறாண்டுக்கு மேல் இந்தியாவைப் பற்றி ஐரோப்பியர் நம்பிப் படித்த நூல்களில் இது ஒன்று. இதன் மூன்று பகுதிகளில் நடுப்பகுதி முழுவதும் பிராமணரின் நான்கு வாழ்நிலைகளைப் பற்றியது: உபநயனம், திருமணம், அன்றாடக் கடன்கள், வானப்பிரஸ்தம், துறவு. முதற்பகுதியில் பறையர், சக்கிலியர் முதலியோருக்கு ஓர் இடம் உண்டு. அங்கே அவர்கள் படும் அடிமைத்தனத்துக்காக இரங்குகிற வரிகள் இருக்கின்றன. ஆனால் சாதி அமைப்பு இந்துச் சட்ட அறிவின் சிறந்த படைப்பு என்றும், பறையர்களை அவர்கள் போக்கில் விட்டால் நரமாமிசம் தின்னும் கூட்டத்தைவிடக் கேடாகிவிடுவார்கள் என்றும் சொல்பவரும் இதே துபுவாதான். தம்மிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைப் பற்றி ஒரு குரு கொண்டிருந்த கருத்து இது.

1987 இல் பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியா முர் இந்த நூலின் அடித்தளத்தையே தோண்டிக் காட்டினார். துபுவாவின் நூலில் பெரும்பகுதி, அவருக்கு முன் வாழ்ந்த ஜேசு சபைக் குரு கேர்தூ எழுதியது. கேர்தூ தமிழகத்திலும் தெலுங்கு நாட்டிலும் பணியாற்றி 1779 இல் புதுச்சேரியில் இறந்தவர். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க லத்தீனுக்கும் உறவு உண்டு என்று வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே பாரிசுக்கு எழுதியவர். அவருடைய கையெழுத்துப் படியைத் துபுவா எடுத்தாண்டார், பெயரைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுதுவது சாதாரணம்தானே, மிஷனரிகளின் குறிப்புகள் சபையின் பொதுச் சொத்துப் போலத்தானே கைமாறின என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. சபைக்குள் கைமாறியதை ஒப்புக்கொள்ளலாம். விலை பேசி அரசுக்கு விற்ற நூலில் உண்மை ஆசிரியரின் பெயர் இல்லாமல் போனதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, அது தவறு. ஆனால் இங்கே அதைவிட முக்கியமானது வேறு. பிராமணரை வென்றால் மற்றவர் பின்னே வருவார் என்ற எண்ணம் ராபர்ட் தெ நொபிலியின் மதுரைக் காலத்திலிருந்து ஜேசு சபையினரிடம் ஊறியது. கேர்தூவின் பார்வை அந்த மரபில் வளர்ந்தது. எழுத்தோடு சேர்ந்து பார்வையும் துபுவாவுக்கு வந்து சேர்ந்தது. யாரைக் கவனிக்க வேண்டும், யார் மாறினால் அது மாற்றம், யார் மாறினால் அது கணக்கில்லை என்பதெல்லாம் அவர் மைசூருக்கு வருவதற்கு முன்பே ஏட்டில் முடிவாகியிருந்தன.

இனி ஏட்டை மூடிவிட்டு அவர் நடந்த வழியில் போய்ப் பார்ப்போம். மர்பி டவுனிலிருந்து அல்சூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு மேற்கே போனால் சிவாஜிநகர், பழைய பிளாக்பள்ளி. அங்கே 1882 இல் எழும்பிய புனித மரியன்னை பேராலயம் இருக்கிறது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காகத் துபுவா இங்கே ஒரு கூரைக் கோயில் கட்டினார், அதன் பெயர் காணிக்கை மாதா கோயில் என்பது இங்கு வழங்கும் மரபு. செப்டம்பர் 8 இல் மாதா பிறந்தநாள் திருவிழாவில் தேர்பவனிக்குச் சேரும் கூட்டத்தில், காவிச் சேலை உடுத்தி நேர்த்திக்கடன் கழிக்கும் பெண்களைக் காணலாம். தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும். அங்கிருந்து ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தென்மேற்கே ஸ்ரீரங்கப்பட்டணத் தீவின் கஞ்சாமில், அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் கோயில் இருக்கிறது. 1784 இல் திப்பு மங்களூர்க் கத்தோலிக்கரைச் சிறைபிடித்துக் கொண்டுவந்த இடம் இந்தத் தீவு. எத்தனை பேர் என்பதில் ஏடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பல்லாயிரம் என்பதில் ஐயமில்லை. வற்புறுத்தலால் மதம் மாறிய அவர்களில் பிழைத்திருந்தவர்களைத் துபுவா மீண்டும் திருச்சபையில் சேர்த்துக்கொண்டார். அவர்களில் ஒருவர்கூட வேதத்துக்காக உயிரைக் கொடுக்கவில்லையே என்று பின்னாளில் கடிதங்களில் கசந்துகொண்டார். வாளுக்கு முன் நின்றவர்களின் குற்றத்தைப் பாரிசுக்கும் லண்டனுக்கும் எடுத்துச் சொல்ல அவருக்கு எந்த உரிமையும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவரே புரட்சியின் கத்திக்குத் தப்பிக் கப்பலேறியவர்.

ஆனால் இதே மனிதர் கையால் செய்ததைப் பாருங்கள். ஹாசன் நகருக்கு அருகே சாத்தள்ளி என்ற ஊர். நிலமும் உறவும் இழந்த கிறிஸ்தவர்களைக் கொண்டுவந்து அங்கே உழவுக் குடியிருப்புகளை அவர் ஏற்படுத்தினார். ஹாசனுக்குச் சுற்றுலா போகிறவர்கள், ஹேமாவதி அணை நீரில் மழைக்காலத்தில் பாதி மூழ்கி நிற்கும் செட்டிஹள்ளியின் இடிந்த ஜெபமாலைக் கோயிலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்; அது பிந்திய பிரெஞ்சுக் குருக்கள் கட்டியது. இடிபாட்டைக் காட்டிலும், மக்கள் இன்றும் வாழ்கிற சாத்தள்ளிதான் பயணம் செய்யத் தகுந்த இடம். அடுத்தது அம்மை. 1796 இல் ஜென்னர் கண்ட பசு அம்மைப்பால் 1802 ஜூனில் பம்பாய்க்கு வந்தது. அதற்கடுத்த 1803, 1804 ஆண்டுகளிலேயே துபுவாவின் முயற்சியால் மைசூர் நாட்டில் 25,432 பேருக்கு அம்மைப்பால் குத்தி, விளைவைப் பதிவும் செய்தார்கள். மாரியம்மன் இறங்கியிருக்கிறாள் என்று வேப்பிலை கட்டும் ஊர்களில், பசுவிலிருந்து வந்த சீழைக் கையில் கீறிச் செலுத்த மக்களைச் சம்மதிக்க வைப்பதற்கு அரச ஆணை மட்டும் போதாது. வாசல் வாசலாகப் போய்ப் பேசுகிறவர்கள் வேண்டும். தம் கையில் முதலில் குத்திக்கொண்டு காட்டுகிறவர்கள் வேண்டும். ஒரு வெள்ளைக்காரக் குரு தனியாக இருபத்தைந்தாயிரம் கைகளைக் கீறியிருக்க முடியாது.

ஆக, துபுவாவிடம் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்றில் 25,432 பேர். அதில் யாருடைய சாதியையும் கழிக்கவில்லை. உயிர் பிழைத்தால் அது வெற்றி. மற்றொன்றில் இருநூறு, முந்நூறு பேர். அதில் சாதி பார்த்துக் கழித்தார், மிஞ்சியது தோல்வி. முதற்கணக்கின் அளவுகோலை இரண்டாவதற்கும் பயன்படுத்தியிருந்தால் அவருடைய முடிவு வேறாகியிருக்கும். அவருடைய வாழ்க்கையே அவருடைய எழுத்துக்கு மறுப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

மறுப்புகள் எழும் என்பது தெரியும். முதலாவது: பிழைப்புக்காக வந்தவர்களை விசுவாசிகள் என்று எப்படி எண்ணுவது, துபுவா கறாராக இருந்தார், அவ்வளவுதானே? சாத்தள்ளியே இதற்கு விடை. சோறும் நிலமும் தராமல் சமயம் மட்டும் தந்து ஒரு சமூகத்தைக் காக்க முடியாது என்று தெரிந்துதான் அவர் அங்கே உழவுக் குடியிருப்பு அமைத்தார். மங்களூர்க் கத்தோலிக்கருக்கு நிலம் கொடுத்தால் அது மேய்ப்பனின் அன்பு. ஒடுக்கப்பட்டவர் நிலத்தை நாடி வந்தால் அது பேராசையா? சேரியில் பிறந்தவருக்குக் கிணற்றில் நீர் எடுக்க உரிமை, கூலி வாங்கும் உரிமை, பெயர் சொல்லி மரியாதையாக அழைக்கப்படும் உரிமை, இவை எல்லாம் ஆன்மாவுக்கு வெளியே உள்ள சங்கதிகள் என்று நினைக்க, அவற்றை ஒருநாளும் இழக்காதவராக இருக்க வேண்டும்.

இரண்டாவது: அவர் தம் காலத்து மனிதர், பின்னே வரும் வரலாற்றைக் கொண்டு அவரைக் குறை சொல்வது நியாயமா? அவர் காலத்தையே பார்ப்போம். துபுவா சாத்தள்ளியில் இருந்த அதே ஆண்டுகளில், 1806 முதல், திருவிதாங்கூரின் மயிலாடியில் லண்டன் மிஷனரி சங்கத்தின் ரிங்கல்தௌபே பணியாற்றினார். அவரைத் தேடிப்போய் அழைத்து வந்தவர் சாம்பவர் குலத்தில் பிறந்த வேதமாணிக்கம். ரிங்கல்தௌபேயும் தம்மிடம் வந்தவர்களின் நோக்கத்தைப் பற்றிச் சலித்துக்கொண்டவர்தான். ஆனால் அவர் போனபின் சபையை வேதமாணிக்கம் தாங்கினார், இவர் பெயர் நிலைத்தது. பாளையங்கோட்டையில் படைக்குருவாக இருந்த ஜேம்ஸ் ஹஃப், துபுவாவின் கடிதங்களுக்கு 1824 இலேயே நூலாக மறுப்பு எழுதினார். வங்கத்தில் பணியாற்றிய ஹென்றி டௌன்லியும் எழுதினார். திருநெல்வேலிச் சீமையில் மிஷனரி ரேனியஸ் காலத்தில் ஊர் ஊராக மக்கள் சேர்ந்தது, துபுவாவின் நூலின் மை காயும் முன்பே நடந்த கதை. மேலிருந்து கீழே வராமல் கீழிருந்து எழுந்த இயக்கம் அது. கண்ணெதிரே நடந்ததைக் காண அக்காலத்தவருக்கும் முடிந்திருக்கிறது.

துபுவாவின் பக்கம் நின்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்துக்களையும் குறிப்பாக இந்துப் பெண்களையும் ஒழுக்கமற்றவர்கள் என்று ஒரு புராட்டஸ்டன்ட் மிஷனரி இழித்து எழுதியதைக் கண்டு, அதே கடிதங்கள் நூலில் அவர்களுக்காக வழக்காடினார். தம் கட்சி தோற்கிறது என்று எழுதும் நூலில் எதிர்க்கட்சியின் மானத்தைக் காத்தவர் அவர். பிறகு 1826 இல் பஞ்சதந்திரத்தைப் பிரெஞ்சில் தந்தபோது, வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையையும் அதோடு சேர்த்தார். இந்த நாட்டின் சிரிப்பை அவர் அறிந்திருந்தார். வெறுப்பு அவரிடம் முழுமையாக இல்லை. கவனம்தான் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

கவனம் சாய்ந்ததன் விலையை அந்த ஒற்றைத் தொடரில் காணலாம்: ‘இந்நாட்டு மிஷனரி ஒருவரின் துணையோடு’. அவர் யார்? எந்த ஊர், எந்த மொழி பேசினார்? ஞானஸ்நானத்துக்கு முன் மந்திரங்களையும் ஞானோபதேசத்தையும் சொல்லிக்கொடுத்தது, நோயாளி வீட்டுக்கு நள்ளிரவில் போனது, சண்டை தீர்த்தது, பிணத்துக்கு முன் நடந்தது, அம்மைப்பாலுக்கு ஊரைச் சம்மதிக்க வைத்தது போன்ற வேலைகள் எந்தக் காலத்திலும் நாட்டுக் குருக்களும் உபதேசியார்களும் தோள்கொடுக்காமல் நடந்ததில்லை. இருபத்தைந்து ஆண்டு உடன் உழைத்த அல்லது உழைத்தவர்களில் ஒருவரான அந்த மனிதருக்கு, பாதி வாக்கியம் மட்டுமே கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. கேர்தூவின் பெயரை விட்டதும் இவருடைய பெயரை விட்டதும் ஒரே பேனா.

துபுவா ஊர் திரும்பக் கப்பலேறிய அதே காலகட்டத்தில், வெஸ்லியன் சபையின் இளைஞர் எலைஜா ஹூல் பெங்களூர்க் கன்டோன்மென்ட்டில் தமிழ் படித்தார். வரும் வழியில் கப்பலோடு புத்தகங்களையும் இழந்தவர்; வெறுங்கையோடு வந்தவர். இந்த ஊரில் தமிழ் கற்கலாம் என்ற நிலை 1820களிலேயே இருந்தது. ஹூல் பிறகு சென்னையில் தமிழ் வேதாகமத் திருத்தக் குழுவில் சேர்ந்தார். 1829 இல் தம் தென்னிந்திய அனுபவங்களை நூலாக்கினார். எதிர்காலம் இல்லை என்று முடிவு கட்டி ஒருவர் ஊர் திரும்பிய அதே காலத்தில், அந்தச் சேரித் தெருக்களின் பேச்சைப் படித்து இன்னொருவர் தம் பணியைத் தொடங்கினார். அதன்பின் படை பெருகியது, பஞ்சங்கள் வந்தன, 1898 இல் பிளேக் வந்தது, கன்டோன்மென்ட் கிழக்கே விரிந்து புதிய பேட்டைகள் எழுந்தன. ஒவ்வோர் அலையிலும் கோயில்களை நிறைத்தவர்கள், துபுவாவின் கணக்கில் கழிக்கப்பட்டவர்களைப் போன்ற மக்களே. இது படையால் நடந்தது, விசுவாசத்தால் அல்ல என்று யாராவது சொல்லக்கூடும். ஆங்கிலப் படை 1947 இல் கொடி இறக்கிப் போய்விட்டது. கோயில்கள் காலியாகவில்லை.

கழிப்பது துபுவாவோடு முடியவும் இல்லை. 1950 இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினரில் கிறிஸ்தவரைச் சேர்க்காமல் விட்டது. சீக்கியருக்கு 1956 இலும் பௌத்தருக்கு 1990 இலும் திறந்த கதவு தலித் கிறிஸ்தவருக்கு இன்னும் திறக்கவில்லை. திருச்சபைக்குள்ளும் தனி வரிசை, தனிக் கல்லறை என்ற அவமானங்கள் தமிழ் ஊர்களில் நெடுங்காலம் நீடித்தன. வடக்கன்குளம் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற மதில் அதற்குச் சாட்சி. சாதி சிறந்த படைப்பு என்று நம்பிய குருக்கள் ஒரு தலைமுறைக்கு மேல் மறைப்பணியை வழிநடத்தியதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று வாதிடுவது கடினம்.

துபுவாவின் நூல் இன்றும் அச்சில் கிடைக்கிறது. அந்த நாட்டு மிஷனரியின் பெயர் எந்த நூலிலும் என் கண்ணில் படவில்லை. பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் கையெழுத்தாக, ஞானப்பெற்றோர் வரிசையில், கல்லறைக் கற்களில் இப்படிப்பட்ட பெயர்கள் இருக்கும். மர்பி டவுனிலும் அல்சூரிலும் பிளாக்பள்ளியிலும் சாத்தள்ளியிலும் உள்ள பழைய குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள்: தாத்தா பாட்டியின் ஞானஸ்நானச் சீட்டு, திருமணச் சீட்டு, உபதேசியாராக இருந்த மூதாதையரின் படம், எதுவானாலும் பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள். ஒரு படி எடுத்துப் பங்குத்தந்தையிடமோ ஊர் நூலகத்திலோ கொடுத்து வையுங்கள், பெயரையும் ஊரையும் பின்பக்கத்தில் தமிழில் எழுதி.